கையை எடுத்தபின் உட்கார முடிகிறதா? தண்டுவடக் காயமும் உட்காரும் சமநிலையும்

தென்னையிலிருந்து விழுந்தவர், பைக் விபத்தில் சிக்கியவர், சாரம் சரிந்து கீழே வந்த கொத்தனார்: தண்டுவடக் காயத்தோடு வார்டில் படுத்திருப்பவர் யாராக இருந்தாலும், குடும்பத்தார் முதலில் கேட்பது "நடப்பாரா டாக்டர்?" என்றுதான். பிசியோதெரபிஸ்ட்டின் மனதில் ஓடும் கேள்வி அதற்கு முந்தையது. இவரால் கை ஊன்றாமல் உட்கார முடியுமா?

கேட்க சின்ன விஷயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கை எப்போதும் கட்டிலைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமென்றால், மிச்சம் இருப்பது ஒரு கைதான். சட்டை போட இரண்டு கை வேண்டும். தட்டைப் பிடித்துக்கொண்டு சாப்பிட, சிறுநீர்க் குழாயைத் தானே போட்டுக்கொள்ள, ஷூவை மாட்ட, எல்லாவற்றுக்கும் இரண்டு கை வேண்டும். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறும்போது உடம்பு முன்னால் குனிந்து, பக்கவாட்டில் நகர்ந்து, மறுபடி நிமிர வேண்டும். நடுவில் சாய்ந்தால் விழுவார். எனவே நடக்கப் போகிறாரோ இல்லையோ, அன்றாட வாழ்க்கையில் எவ்வளவு தூரம் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கும் என்பதை உட்காரும் சமநிலை பெருமளவு தீர்மானிக்கிறது. இவ்வளவு முக்கியமானதை எப்படி அளக்கிறோம் என்று பார்த்தால், ஆச்சரியமாக, பல கேஸ் ஷீட்களில் ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கும்: 'குட்', 'ஃபேர்', 'புவர்'. எந்த நிலையில் உட்கார்ந்து, என்ன செய்யும்போது 'ஃபேர்' என்று யாரும் எழுதுவதில்லை.

இதற்கு ஒரு காரணம், காயத்தின் அளவைக் குறிக்க எல்லோரும் பயன்படுத்தும் பரிசோதனையிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் தொடங்கி இன்று உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் அந்த முறையைச் சுருக்கமாக 'ஏசியா' என்பார்கள். ஒவ்வொரு பக்கமும் கையில் 5, காலில் 5 என 10 தசைக் குழுக்களுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து மொத்தம் 100. தண்டுவட நரம்புகளைக் கழுத்தில் சி, நெஞ்சு மட்டத்தில் டி, கீழ்முதுகில் எல், அதற்கும் கீழே எஸ் என்று மேலிருந்து கீழாக எண்ணிடுவார்கள். கைத் தசைகள் சி5 முதல் டி1 வரையுள்ள நரம்புகளைச் சொல்லும். கால் தசைகள் எல்2 முதல் எஸ்1 வரை சொல்லும். நடுவில் டி2 முதல் எல்1 வரை? அங்கே எந்தத் தசையும் பரிசோதிக்கப்படுவதில்லை. தோலில் உணர்ச்சி எதுவரை இருக்கிறதோ, தசையும் அதுவரை வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம்மை நிமிர்த்தி உட்கார வைக்கும் தசைகளில் பெரும்பாலானவை சரியாக இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. அதனால் 'டி6, ஏசியா ஏ' (டி6 மட்டத்தில் முழுமையான காயம்) என்ற குறிப்பைப் படித்துவிட்டு அந்த மனிதர் எப்படி உட்காருவார் என்று சொல்ல முடியாது. ஒரே டி6 கம்ப்ளீட் காயம் உள்ள இருவரில் ஒருவர் இரண்டு கையாலும் பந்து பிடிப்பார். இன்னொருவர் இருமினாலே சாய்வார்.

எந்தத் தசைக்கு எங்கிருந்து நரம்பு வருகிறது என்பது தெரிந்தால் இது ஓரளவு விளங்கும். வயிற்றுத் தசைகளுக்கு ஏறத்தாழ டி6-இல் தொடங்கி டி12, எல்1 வரையிலான நரம்புகள். முதுகை நிமிர்த்தும் தசைகளுக்கு ஒவ்வொரு மட்டத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. தொடையைத் தூக்கும் தசைக்கு முக்கியமாக எல்2. ஆக, டி4-இல் முழுமையான காயம் என்றால் வயிற்றுத் தசை எதுவும் கட்டுப்பாட்டில் இல்லை. டி10 என்றால் மேல் வயிறு வேலை செய்யும், கீழ் வயிறு தளர்ந்திருக்கும். இதைப் பார்க்க ஒரு பழைய எளிய வழி உண்டு. மல்லாந்து படுத்திருப்பவரைத் தலையை மட்டும் தூக்கச் சொல்லிவிட்டுத் தொப்புளைக் கவனிக்க வேண்டும். அது தலைப்பக்கம் இழுபட்டால் மேல்பாதி வலுவாகவும் கீழ்பாதி தளர்ந்தும் இருக்கிறது என்று அர்த்தம். பீவர் குறி என்பது அதன் பெயர். ஒரு பைசா செலவில்லை, ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனாலும் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சுவாரசியமான பகுதி இனிமேல்தான். போன தசைகளுக்குப் பதிலாக உடம்பு வேறு தசைகளை வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறது. முதுகின் இருபுறமும் விரிந்திருக்கும் லாட்டிசிமஸ் டார்சி தசை கையோடு சேர்ந்தது. அதற்கான நரம்பு கழுத்திலிருந்து, சி6 முதல் சி8 வரையிலிருந்து வருகிறது. ஆனால் அதன் கீழ்முனை இடுப்பெலும்பு வரை இறங்குகிறது. நெஞ்சு மட்டத்தில் காயம் பட்டவருக்கு இந்தத் தசை முழுதாகத் தப்பித்திருக்கும். எனவே உணர்ச்சியே இல்லாத இடுப்பை மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் கயிறாக அது மாறிவிடுகிறது. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-இல் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன் இந்தத் தசையின் பங்கை வலியுறுத்தியவர். 1990-களில் நெதர்லாந்தில் தசைகளின் மின்னோட்டத்தைப் பதிவு செய்த ஆய்வுகளும், லாட்டிசிமஸும் தோள்பட்டையின் டிரபீசியஸும் இவர்களுக்கு உட்காரும் தசைகளாகவே செயல்படுவதைக் காட்டின.

தசை மட்டும் போதாது, தகவலும் வேண்டும். பிட்டத்தில் எந்தப் பக்கம் எடை கூடுகிறது என்பது நமக்குத் தானாகத் தெரியும். இவர்களுக்கு அந்தச் செய்தி வருவதில்லை. கண்ணையும் உள்காதையும், உணர்ச்சி உள்ள மேல் உடம்பையும் வைத்தே தாங்கள் நேராக இருக்கிறோமா என்று அறிகிறார்கள். கண்ணாடி முன் உட்கார வைத்துப் பயிற்சி தருவதும், பரிசோதனையில் கண்ணை மூடச் சொல்வதும் இதனால்தான். கண் திறந்திருக்கும்போது அசையாமல் இருப்பவர் கண்ணை மூடியதும் ஆடத் தொடங்கினால், அவர் பார்வையை எவ்வளவு நம்பியிருக்கிறார் என்பது உடனே தெரிந்துவிடும். தலைக்குக் குளிக்கும்போதும் கரண்ட் போன இரவிலும் அவருக்கு என்ன நடக்கும் என்று அப்போதே யோசித்துக்கொள்ளலாம்.

அளவு எடுப்பதற்கு முன்னால், எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். வயிற்றுத் தசை இல்லாதவர் பெரும்பாலும் இடுப்பைப் பின்னுக்குச் சாய்த்து, முதுகைக் கூன் போட்டு உட்காருவார். வீட்டார் "நிமிர்ந்து உட்காருங்க" என்று அதட்டுவார்கள். அந்தக் கூனில் ஒரு காரணம் இருக்கிறது: இடுப்பு பின்னால் சாயும்போது அடித்தளம் அகலமாகிறது, முதுகுத் தண்டின் இணைப்பு நார்களே உடம்பைத் தாங்குகின்றன, கை விடுதலையாகிறது. விலையும் உண்டு. எடை வால் எலும்புப் பக்கம் போவதால் அங்கே அழுத்தப் புண் வரலாம். கழுத்தும் தோளும் வலிக்கலாம். தலைக்கு மேல் கை தூக்குவது கஷ்டமாகும். அதனால் கூனைக் கண்டதும் 'தவறான நிலை' என்று எழுதிவிடுவதை நான் ஏற்க மாட்டேன். கூனைத் திருத்தினால் கை ஊன்ற வேண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுதலாம்.

காலை நீட்டி உட்காருவதும் காலைத் தொங்கவிட்டு உட்காருவதும் முற்றிலும் வேறு வேறு சோதனைகள். காலை நீட்டினால் தொடையின் பின்தசைகள் இறுகி இடுப்பைப் பிடித்துக்கொள்ளும், அடித்தளமும் பெரிது. கட்டில் விளிம்பில் அந்த உதவி இல்லை. பின்தசை மிகவும் தளர்ந்துபோகும்படி நீவி இழுத்துவிட்டால், கால் நீட்டி உட்காரும் சமநிலையே கெட்டுவிடும். மிகவும் இறுகியிருந்தால் இடுப்பு பின்னால் தள்ளப்பட்டு அப்படியே மல்லாந்துவிடுவார். நம் ஊரில் சம்மணமிட்டுத் தரையில் உட்காருவது மூன்றாவது வகை. வீட்டில் பாயில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறவருக்குக் கட்டில் விளிம்பில் எடுத்த மதிப்பெண் எவ்வளவு பொருந்தும் என்பது நியாயமான சந்தேகம். வெளிநாட்டில் உருவான அளவுகோல்கள் பெரும்பாலும் கட்டில், பெஞ்சு, நாற்காலியையே மனதில் வைத்தவை.

சோதனைக்கு உட்கார வைப்பதிலேயே ஆபத்துகள் இருக்கின்றன. பல வாரம் படுத்தே இருந்தவரை எழுப்பி உட்கார வைத்ததும் ரத்த அழுத்தம் சரியலாம். தலை சுற்றும், கண் இருளும். அது சமநிலைக் குறைவு போலவே தெரியும். டி6-இலோ அதற்கு மேலோ காயம் இருந்தால் நேர் எதிரான ஆபத்தும் உண்டு: சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலோ, குழாய் மடங்கியிருந்தாலோ, அழுத்தம் திடீரென்று ஏறித் தலைவலி பிளக்கும். அப்போது சோதனையை நிறுத்திவிட்டு, உட்கார வைத்தபடியே காரணத்தைத் தேடிச் சரி செய்ய வேண்டும். இது அவசர நிலை. முதுகெலும்பு அறுவைக்குப் பின் கட்டிய பெல்ட், வயிற்றுக் கட்டு, திடீர் தசைத் துடிப்பு, இடுப்பு மூட்டில் புதிதாக எலும்பு வளர்ந்து மடங்காமல் போவது என மதிப்பெண்ணை ஏற்றவும் இறக்கவும் கூடியவை நிறைய. எதுவாக இருந்தாலும் தாளில் எழுதி வைக்க வேண்டும். முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் நிற்காமல் எந்தச் சோதனையும் வேண்டாம்.

சரி, சோதனைகளுக்கு வருவோம். அதிகம் புழங்குவது கை நீட்டும் சோதனை. 1990-இல் அமெரிக்காவில் பமீலா டங்கன் குழுவினர் ஒருவர் நின்றபடி எவ்வளவு தூரம் கை நீட்டுகிறார் என்று அளக்க ஒரு முறையை வெளியிட்டார்கள். 1998-இல் லிஞ்ச் என்பவரும் சக ஆய்வாளர்களும் அதை உட்கார்ந்த நிலைக்கு மாற்றித் தண்டுவடக் காயம் பட்ட 30 ஆண்களிடம் சோதித்தார்கள். சுவரில் ஒரு அளவுகோல், தோள் உயரத்தில். அதன் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு கையை நேராக நீட்டி, விழாமல் எவ்வளவு முன்னால் போக முடியுமோ போக வேண்டும். மறுகையை ஊன்றக் கூடாது. விரல் நுனியையோ முஷ்டியையோ அளக்காமல் மணிக்கட்டின் எலும்பு முனையை அடையாளமாக வைத்தார்கள், ஏனென்றால் கழுத்தில் காயம் பட்ட பலரால் விரலை நீட்டவோ மடக்கவோ முடியாது. சின்ன விவரம்தான், ஆனால் சோதனையை வடிவமைத்தவர்கள் நோயாளியை உண்மையாகவே பார்த்திருக்கிறார்கள் என்பது இதில் தெரிகிறது.

அந்த ஆய்வில் கீழ் நெஞ்சு மட்டத்தில் (டி10 முதல் டி12) காயம் உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிக தூரம் நீட்டினார்கள். எதிர்பார்த்ததுதான். ஆனால் சி5–6 குழுவுக்கும் டி1–4 குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கை முழுதாக இருப்பவரும் கை பாதி போனவரும் ஏன் ஒரே தூரம்? இரு குழுவுக்கும் வயிற்றுத் தசை இல்லை. முன்னால் சாய்ந்தால் நிறுத்தப் பிடிப்பு இல்லை. இந்தச் சோதனை அளப்பது உடற்பகுதியை, அதாவது நடு உடம்பைத்தான் என்பதற்கு அந்த முடிவே நல்ல சாட்சி.

ஆனாலும் அந்த எண்ணை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். ஒருவர் தலையையும் மறுகையையும் பின்னால் தள்ளி எதிர் எடை கொடுத்து 20 சென்டிமீட்டர் போகிறார். இன்னொருவர் இடுப்பையே முன்னால் மடக்கி அதே 20 சென்டிமீட்டர் போகிறார். தாளில் இருவரும் ஒன்று. வாளியில் இருக்கும் சொம்பை எடுக்கச் சொன்னால் இரண்டாமவர் எடுப்பார். முதலாமவர் எடுத்ததும் அந்த எடையோடு முன்னால் கவிழக்கூடும். தோள்பட்டையை மட்டும் முன்னால் நகர்த்திச் சில சென்டிமீட்டர் 'சம்பாதிப்பவர்களும்' உண்டு. முன்னால் மட்டும் அளந்தாலும் போதாது. பலருக்குப் பக்கவாட்டில்தான் பயம்.

டி-ஷர்ட் சோதனை எனக்குப் பிடித்தது. ஆஸ்திரேலியாவில் பாஸ்வெல்-ரைஸ் குழு 2009-இல் சோதித்துப் பார்த்த தொகுப்பில் இதுவும் ஒன்று. சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்து டி-ஷர்ட்டைப் போட்டுக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகிறது? அவ்வளவுதான். சட்டை முகத்தைத் தாண்டும்போது கண் மறைகிறது, இரண்டு கையும் மேலே இருக்கிறது, எடை மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரே செயலில் மூன்று சவால். ஸ்டாப்வாட்ச்கூட வேண்டாம், செல்போன் போதும். விரல் பிடிப்பு இல்லாதவருக்கு மட்டும் இது நியாயமாக இருக்காது. அவருடைய நேரம் கையின் பலவீனத்தையும் சேர்த்துச் சொல்லும்.

பல செயல்களைச் சேர்த்து மதிப்பெண் தரும் முறைகளில் பரவலானது 'ஃபிஸ்ட்' எனப்படும் 14 செயல் சோதனை. 2010-இல் ஷாரன் கோர்மன் குழு பக்கவாத நோயாளிகளுக்காக உருவாக்கியது. முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் மெதுவாகத் தள்ளிப் பார்ப்பது, கண்ணை மூடுவது, தலையை ஆட்டுவது, பின்னால் இருக்கும் பொருளை எடுப்பது, தரையிலிருந்து எடுப்பது, உட்கார்ந்தபடி நகர்வது என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 56. கை ஊன்றிச் செய்தால் 2-தான். இந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது: செய்தாரா என்பதோடு, எதை விலையாகக் கொடுத்துச் செய்தார் என்பதும் மதிப்பெண்ணில் வந்துவிடுகிறது. ஆனால் பக்கவாதத்தில் ஒரு பாதி உடம்பு நன்றாக இருக்கும். தண்டுவடக் காயத்தில் பெரும்பாலும் இரு பக்கமும் போயிருக்கும். 'ஒரு பாதத்தைத் தூக்குங்கள்' என்பது பக்கவாத நோயாளிக்குச் சமநிலைச் சோதனை, தண்டுவடக் காயம் பட்ட பலருக்கு நடக்காத காரியம். தண்டுவடக் காயம் உள்ளவர்களிடமும் 'ஃபிஸ்ட்' பின்னர் சோதிக்கப்பட்டு ஏற்கப்பட்டிருக்கிறது. இருந்தாலும் கால் சம்பந்தப்பட்ட மதிப்பெண்ணை வாசிக்கும்போது கவனம் தேவை.

இந்தச் சிக்கலால்தான் தண்டுவடக் காயத்துக்கென்றே தனி அளவுகோல்கள் வந்தன. மெக்சிகோவில் 2014-இல் வெளியான உடற்பகுதிக் கட்டுப்பாட்டுச் சோதனைக்கு அதிகபட்சம் 24 மதிப்பெண். புது தில்லியின் இந்தியன் ஸ்பைனல் இன்ஜுரீஸ் சென்டரிலிருந்து 2016-இல் 'சிட்டிங் பேலன்ஸ் மெஷர்' வந்தது. நம் நாட்டு நோயாளிகளை வைத்தே உருவானது என்பதால் இங்கே அதற்கு இன்னும் அதிகப் புழக்கம் இருக்க வேண்டும்.

எடைப் பலகை போன்ற கருவியில் உட்கார வைத்து, உடம்பின் அழுத்த மையம் எவ்வளவு ஆடுகிறது என்று கணினியில் பதிவு செய்யும் முறையும் உண்டு. ஆராய்ச்சிக்கு நல்லது. வார்டில்? சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆட்டம் குறைவு என்றால் சமநிலை நன்று என்று சொல்லிவிட முடியாது. விழும் பயத்தில் விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பவருக்கும் ஆட்டம் குறைவாகவே இருக்கும். எவ்வளவு தூரம் சாய்ந்துவிட்டுத் திரும்பி வர முடிகிறது என்பதே பயனுள்ள கேள்வி. அதற்கு ஒரு அளவு நாடா போதும்.

விளையாட்டுத் துறை இதை எப்போதோ பிடித்துவிட்டது. வீல்சேர் கூடைப்பந்தில் ஒவ்வொரு வீரருக்கும் 1.0 முதல் 4.5 வரை புள்ளி. களத்தில் இருக்கும் ஐவரின் கூட்டல் 14-ஐத் தாண்டக் கூடாது. அந்தப் புள்ளியைத் தீர்மானிப்பது, நாற்காலியைப் பிடிக்காமல் எந்தெந்தத் திசையில் எவ்வளவு தூரம் கட்டுப்பாட்டோடு உடம்பைக் கொண்டுபோக முடிகிறது என்பதுதான். 1.0 வீரரால் முன்னால் சாய்ந்தால் கை உதவியின்றி நிமிர்வது கடினம். நடுப்புள்ளிக்காரர்கள் முன்னும் பின்னும் போவார்கள், பக்கவாட்டில் தடுமாறுவார்கள். இந்த வகைப்பாட்டை விளையாட்டின்போது பார்த்தே முடிவு செய்கிறார்கள். காய மட்டத்தின் எண்ணை மட்டும் நம்பி அணி பிரித்தால் ஆட்டமே கெட்டுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மறுபடி அளக்கும்போது ஒரு கேள்வி வரும். போன மாதம் 18 சென்டிமீட்டர், இந்த மாதம் 20. முன்னேற்றமா? அவசரப்படக் கூடாது. ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு தடவை அளந்தாலும் கொஞ்சம் மாறும். மெத்தை மாறினால், பாதம் தரையில் படும் விதம் மாறினால், மதியம் சாப்பிட்டபின் அளந்தால், இன்னும் மாறும். அந்த இயல்பான ஏற்ற இறக்கத்தைத் தாண்டிய மாற்றம் மட்டுமே உண்மையான மாற்றம். அதே பெஞ்சு, அதே நேரம், அதே பெல்ட், முடிந்தால் அதே ஆள் அளக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

சரியாக அளந்தால் சங்கடமான உண்மைகளும் வெளியே வரும். 2010-இல் ஆஸ்திரேலியாவில், காயம் பட்டுப் பல காலம் ஆனவர்கள் 30 பேரிடம் நடந்த சோதனையில், வாரம் 3 நாள் ஒரு மணி நேரம் வீதம் 6 வாரம் சாய்மானமின்றி உட்காரும் பயிற்சி தந்தார்கள். சாய்ந்து திரும்பும் எல்லை, பயிற்சி பெறாதவர்களைவிடச் சராசரியாக 64 மில்லிமீட்டர் கூடியது. அடுத்த வருடம் லிசா ஹார்வி குழு, ஆஸ்திரேலியாவிலும் வங்கதேசத்திலும், அண்மையில் காயம் பட்ட 32 பேரிடம் இதே மாதிரிப் பயிற்சியை, தடவைக்கு அரை மணி நேரம் வீதம், சோதித்தது. வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாக இதைத் தந்ததால் எந்தப் பலனும் தெரியவில்லை. முரண்பாடு போலத் தோன்றும். என் கணிப்பு இது: புதிதாகக் காயம் பட்டவர் வார்டில் உடை மாற்றவும் வீல்சேருக்கு மாறவும் தினமும் பழகுகிறார், அதுவே உட்காரும் பயிற்சிதான். அதன்மேல் இன்னொரு அரை மணி நேரம் பெரிதாக எதையும் சேர்க்கவில்லை. நம் ஊரில் ஒரு பிசியோவுக்கு எத்தனை நோயாளிகள் என்று பார்த்தால், நேரத்தை எதில் செலவிடுவது என்று முடிவெடுக்க இந்த இரண்டு ஆய்வுகளும் மிகவும் உதவும்.

எந்தச் சோதனையைத் தேர்ந்தெடுப்பது என்பது கடைசியில் அந்த மனிதர் எதற்குத் திரும்பப் போகிறார் என்பதைப் பொறுத்தது. வேலூர் சிஎம்சியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த விபத்தில் இரண்டு கால்களும் செயலிழந்தபின், வீல்சேரில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அறுவை மேசை முன் இரண்டு கையும் வேலையில் இருக்கும், ஊன்ற ஒரு கைகூட மிஞ்சாது, மணிக்கணக்கில் நிதானம் வேண்டும். அப்படிப்பட்டவருக்குக் கை நீட்டும் தூரத்தைவிட எவ்வளவு நேரம் தாங்குகிறார் என்பது முக்கியம். தையல் மெஷினுக்குத் திரும்புகிறவருக்கு முன்னால் குனிந்த நிலை முக்கியம். பெட்டிக்கடை வைக்கப் போகிறவருக்குப் பக்கவாட்டிலும் மேலேயும் கை எட்ட வேண்டும். சாமான் எடுத்த பிறகும் நிமிர வேண்டும்.

ஆகவே, டிஸ்சார்ஜ் தாளில் 'சிட்டிங் பேலன்ஸ்: ஃபேர்' என்று இருந்தால், குடும்பத்தார் தயங்காமல் விவரம் கேட்கலாம். ஒரு கற்பனை உதாரணம் இப்படி இருக்கும்: 'டி5 கம்ப்ளீட். கட்டில் விளிம்பு, பாதம் தரையில், வயிற்றுக் கட்டு இல்லை. கண் திறந்து, கை ஊன்றாமல் 2 நிமிடம். கண் மூடினால் 15 விநாடி. முன்னால் 14 சென்டிமீட்டர், தலையைப் பின்தள்ளி. வலப்பக்கம் 9, இடப்பக்கம் 5. டி-ஷர்ட் 70 விநாடி, ஒரு தடவை இடது பக்கம் சாய்ந்தார், ஒருவர் பிடித்தார். தரையில் சம்மணம்: சுவர்ச் சாய்மானம் தேவை.' எழுத ஐந்து நிமிஷம் ஆகும். இதை வைத்து வீட்டில் கட்டிலின் எந்தப் பக்கம் சுவர் இருக்க வேண்டும், குளியல் ஸ்டூலுக்குப் பிடி எந்தப் பக்கம் வைக்க வேண்டும், அடுத்த ஒரு மாதம் எதைப் பழக வேண்டும் என்று எல்லாமே முடிவு செய்யலாம்.